ஆள் வந்தால் ஓடும் கம்ப்ரசர்

ராயப்பராஜின் படகு கரையை நெருங்கிவிட்டது.

கொடைக்கானல் ஏரி. பாலில் ஆடை படிந்த மாதிரி தண்ணீர்மேல் பனி படிந்திருந்தது. துடுப்புப் போட்டால் சத்தமே வரவில்லை. மேகத்தைக் கிண்டுவதுபோல இருந்தது. கரையில் ஒரு கட்டை நட்டிருந்தார்கள். ராயப்பராஜ் படகின் கயிற்றைக் கையில் எடுத்தான். குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். இன்னும் ஒரே ஒரு முடிச்சு. அதைப் போட்டுவிட்டால் கரையேறிப் புல்லில் படுத்துக்கொள்ளலாம்.

'டக்!'

ஏரி போய்விட்டது. பனி போய்விட்டது. சித்திரை மாதத்துத் திண்டுக்கல் கட்டிலின் நாலு பக்கமும் வந்து நின்றுகொண்டது.

ராயப்பராஜ் ஒரு கண்ணை மட்டும் திறந்து ஜன்னலைப் பார்த்தான். ஏ.சி.யின் காற்றாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வந்த காற்று, இட்லிப் பானையின் மூடியைத் திறந்தாற்போல இருந்தது. சற்று நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து 'ம்ம்ம்ம்' என்று பல்வலிக்காரனின் முனகல் கேட்டது. முனகல் ஏறியது. ஏறி ஏறி, மறுபடியும் 'டக்!'

"சகாயம்! நின்னுபோச்சு!"

கொல்லைப்புறத்தில் துணியை உதறிக்கொண்டிருந்த சகாயராணி அங்கிருந்தே கேட்டாள். "என்ன நின்னுபோச்சு?"

"ஏ.சி.! பின்ன என் மூச்சா நின்னுபோச்சு?"

"பேச்சு இம்புட்டு வருதுல்ல, அப்ப மூச்சு நிக்கல. சும்மா படுங்க."

சும்மா படுக்க முடிந்தால் அவன் எதற்காக ஏ.சி. வாங்கப் போகிறான், பாவம்.

ராயப்பராஜ் வடமதுரை ரோட்டில் ஒரு நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் மேஸ்திரி. ஊரெல்லாம் தூங்கும்போது அவன் விழித்திருந்து, அறுந்த நூலைத் தேடி இயந்திரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். ஊரெல்லாம் விழித்திருக்கும்போது அவன் தூங்க வேண்டும். திண்டுக்கல்லில் கோடைகாலப் பகலில் தூங்குவது என்பது, தோசைக்கல்லில் படுத்துக்கொண்டு போர்வை கேட்பது மாதிரி. போன மாதம் ஒருநாள் பஞ்சுப் பொதியில் சாய்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது எதிரே மேனேஜர்.

"ராயப்பராஜ், இன்னொரு தடவை பார்த்தேன்னா நீங்க வீட்டுலயே போய் நிம்மதியாத் தூங்கலாம். யாருமே வந்து எழுப்ப மாட்டாங்க" என்றார் அவர், ரொம்ப அன்பாக.

வேலை போனால் என்ன செய்வது? இந்த மில்லை விட்டால் அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் தூங்க ஆசைப்படுவதுதான். அந்தச் சமயம் பார்த்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய லாட்ஜை இடித்தார்கள். அதிலிருந்து கழற்றிய ஜன்னல் ஏ.சி. ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மாட்டிக் கொடுத்தவர் பேகம்பூர் சாகுல் ஹமீது. பிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக். கை சுத்தம், வாய் சுத்தம், பார்வை அதைவிடச் சுத்தம். மீட்டர் பெட்டியிலிருந்து புதிதாக ஒயர் இழுத்து, பின்சுவரில் தலைக்கு மேலே ஒரு சுவிட்ச் டப்பா அடித்து, அங்கிருந்து ஏ.சி.க்குக் கொண்டுவந்தார். கடைசியில் ஒயர் நீளமாக மிஞ்சியது. அவர் அதை வெட்டவில்லை. வளையமாகச் சுருட்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

"வெட்டுனா ஒட்டாதுண்ணே. பின்னாடி வேற ரூமுக்கு மாத்துனீங்கன்னா ஆகும்."

முதல் நாள்! அதை நினைத்தால் ராயப்பராஜுக்கு இப்போதும் கண் சொருகும். ஏ.சி. 'கிர்ர்ர்' என்று பூனைக்குட்டி மாதிரி ஓடியது. அன்றைக்குத்தான் அந்தப் படகுக் கனவு முதன்முதலாக வந்தது. முழுசாகவும் வந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்து, கட்டையில் இரண்டு முடிச்சாக இறுக்கிப் போட்டுவிட்டுக் கரையேறினான். எழுந்தபோது சாயங்காலம். தலையணையில் ஒரு முருங்கை இலை கிடந்தது. காற்றில் வந்திருக்கும் என்று ஊதித் தள்ளிவிட்டான்.

மறுநாளிலிருந்துதான் 'டக்'.

*

"கப்பாசிட்டர்ண்ணே" என்றார் சாகுல் ஹமீது, கடையில் உட்கார்ந்தபடியே. "கம்ப்ரசர்ங்கறது கல்லுக்குண்டு மாதிரி. உருள ஆரம்பிச்சிட்டா அதுபாட்டுக்கு உருளும். மொதல்ல ஒருத்தன் தள்ளிவிடணும். அந்தத் தள்ளிவிடுறவன்தான் கப்பாசிட்டர். அவன் கிழவனாயிட்டான்னா, குண்டு நின்ன எடத்துலயே முக்கும். முக்கிமுக்கிச் சூடாகும். சூடானா உள்ள ஒரு காவக்காரன் இருக்கான், அவன் 'டக்'குன்னு கரண்டை வெட்டிருவான். நீங்க போங்க, நான் பின்னாடியே வாரேன்."

மத்தியானம் தெருமுனையில் அவருடைய மொபெட் சத்தம் கேட்டது.

"அய்யய்யோ, பாய் தம்பி வந்துட்டாரு!" சகாயராணி கொல்லைக்கு ஓடினாள். கொடியில் ஈரத்தோடு கிடந்த பாவாடை, சேலை, ரவிக்கை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் ஒரே வாரில் வாரித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் பாய்ந்தாள். அவளுடைய அம்மா செபஸ்தியம்மாள் சொல்லி வளர்த்த வளர்ப்பு அது: வெளி ஆம்பளை வீட்டுக்குள் கால் வைக்கும்போது கொடி காலியாக இருக்க வேண்டும்.

சாகுல் ஹமீதும் சளைத்தவரில்லை. பெண்கள் புழங்குகிற இடம் என்று கொல்லைக்குள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் போவார், தொங்கப்போட்டுக்கொண்டுதான் வருவார். அந்தக் கொல்லையில் மண்ணையும் தன் கால் கட்டைவிரலையும் தவிர வேறொன்றையும் அவர் பார்த்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஏ.சி.யின் முதுகில் ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரிதான்.

"போடுங்கண்ணே!"

ராயப்பராஜ் உள்ளேயிருந்து சுவிட்சைப் போட்டான்.

'கிர்ர்ர்ர்.'

சங்கீதம்.

"ஓடுதேண்ணே?"

"இப்ப ஓடுது பாய். காலையில ஓடல."

"காலையில ஓடாதது இப்ப எதுக்கு ஓடுது?"

"அதைத்தானே நான் ஒங்ககிட்டக் கேக்குறேன்!"

எதற்கும் இருக்கட்டும் என்று கப்பாசிட்டரை மாற்றினார். மாற்றிய பிறகும் ஓடியது. அறையில் மார்கழி வந்து இறங்கியது. சகாயராணி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தட்டில் சோற்றைக் குவித்து, குழம்புச் சட்டியின் அடிவரைக்கும் கரண்டியை விட்டு மீன் தலையைத் தேடி எடுத்து சாகுல் ஹமீதுக்கு வைத்தாள்.

ராயப்பராஜ் தன் தட்டைப் பார்த்தான். வால்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் மீன் தலை என்றால் அது ராயப்பராஜுக்குத்தான். இது என்ன புது வழக்கம்?

"நல்லாச் சாப்பிடுங்க தம்பி" என்றாள் சகாயராணி, ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "யாரு செய்வா இந்தக் காலத்துல. கேக்காமலே செய்யிற மனசு வேணும்ல?"

சாகுல் ஹமீது கப்பாசிட்டரைச் சொல்கிறாள் என்று நினைத்து, தட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

மொபெட் சத்தம் தெருவைத் தாண்டியது. சகாயராணி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொல்லைக்குப் போனாள். ராயப்பராஜ் படுத்தான். பனி வந்தது. ஏரி வந்தது. கயிற்றை எடுத்துக் கட்டையில் ஒரு சுற்று.

'ம்ம்ம்ம்... டக்!'

*

"அப்ப கரண்டுதான்" என்றார் சாகுல் ஹமீது. "ஒங்க ஏரியாவுல கரண்டுக்குச் சோகை. ஸ்டெபிலைசர் போட்டாத்தான் சரிப்படும்."

ஸ்டெபிலைசர் வந்தது. லாட்ஜில் கிடந்த அதே வயசு ஸ்டெபிலைசர். அரிசி டின் அளவு இரும்புப் பெட்டி. கட்டிலின் தலைமாட்டைத் தவிர அதை வைக்க வேறு இடமில்லை. அதில் ஒரு சிவப்பு விளக்கு; கண்ணை மூடினாலும் இமைக்குள் வந்து நின்று பார்க்கும். அதுபோக, கரண்டு கொஞ்சம் ஏறினால் 'டிக்', இறங்கினால் 'டிடிக்' என்று பல்லியை விழுங்கிய பெட்டி மாதிரி பேசிக்கொண்டே இருந்தது.

அதை மாட்டியபோதும் ஏ.சி. அழகாக ஓடியது. சாகுல் ஹமீது மீட்டரை வைத்துப் பார்த்தார். கரண்டுக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்குச் சீலா மீன். தலை அவருக்கு.

அவர் போனதும் 'டிக், டிடிக், ம்ம்ம்ம், டக்!'

முன்பு ஒரு சத்தத்தில் விழித்தவன் இப்போது மூன்று சத்தத்தில் விழித்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏ.சி. ஒரு மூச்சு நிற்காமல் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சகாயராணி பூசைக்குப் போவாள், வீட்டில் துவைக்கிற சோலி கிடையாது, மில்லுக்கும் விடுமுறை. பகலில் தூங்க வேண்டிய அவசியமே இல்லாத அந்த ஒரு நாளில், வீணாய்ப்போன ஏ.சி. சாயங்காலம்வரை குளிரைக் கொட்டும்.

"அதுக்கும் நம்ம வேதம்தான் போல" என்றாள் சகாயராணி. "ஓய்வுநாள் கடைப்பிடிக்குது."

"ஓய்வுநாள் கடைப்பிடிச்சா ஞாயித்துக்கிழமைல்ல நிக்கணும்? இது ஞாயித்துக்கிழமை மட்டும்ல ஒழைக்குது!"

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் கீரைக்காரி ஒச்சம்மாள் ஆடு கட்டுவாள். காலையும் மத்தியானமும் கூடையோடு அந்த வழியாகத்தான் வருவாள். அவள் இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ராயப்பராஜ் திரும்பிப் பார்த்ததும் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். கொஞ்ச நாளாகவே அவள் இப்படித்தான். அவனைக் கண்டால் பாவமும் பயமும் கலந்து ஒரு பார்வை. ஏன் என்று கேட்க அவனுக்குத் தெம்பு இல்லை.

மூன்றாவது வைத்தியமாக சாகுல் ஹமீது ஏ.சி.யையே கழற்றிக் கடைக்குத் தூக்கிப் போய்விட்டார்.

"என் கண்ணு முன்னாடி கொஞ்ச நாள் ஓடட்டும்ண்ணே. எங்கிட்ட அது நடிக்க முடியாது."

ஏ.சி. போன இடத்தில் ஜன்னலில் பெரிய சதுர ஓட்டை. அதன் வழியாக வெயில் வந்து நேராகக் கட்டிலில் படுத்துக்கொண்டது. ராயப்பராஜ் வெயிலுக்குப் பக்கத்தில் ஒதுங்கிப் படுத்தான். கனவில் யாரோ காதருகே மூச்சு விட்டார்கள். கண் விழித்தால், ஒச்சம்மாளின் ஆடு ஓட்டைக்குள் தலையை நுழைத்துத் தலையணை உறையைத் தின்றுகொண்டிருந்தது.

பொறுக்க முடியாமல் பேகம்பூருக்குப் போனான். அங்கே அவன் ஏ.சி. மேசைமேல் உட்கார்ந்து 'கிர்ர்ர்' என்று ராஜா மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பெஞ்சு போட்டு நாலைந்து பேர் சட்டையைத் திறந்துவிட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கறிக்கடைக்காரர் லேசாகக் குறட்டை விட்டார்.

"நாலு நாளா ஒரு 'டக்' இல்லண்ணே" என்றார் சாகுல் ஹமீது. அவரே அப்போதுதான் எழுந்த முகம். கன்னத்தில் மேசையின் கோடு.

மறுபடியும் கொண்டுவந்து மாட்டினார்கள். மாட்டும்போது ஓடியது. சாப்பிடும்போது ஓடியது. தலை அவருக்கு. மொபெட் கிளம்பியதும்...

அதைச் சொல்லவும் வேண்டுமா?

*

"மிஷின்ல கோளாறு இல்ல. வீட்டுலதான் என்னமோ இருக்கு" என்று சகாயராணி முடிவு கட்டினாள். பங்குச்சாமியாரை அழைத்துவந்து மந்திரிக்கச் சொன்னாள்.

சாமியார் வருகிறார் என்றதும் கொடி காலியானது, வாசல் தெளித்தாயிற்று. சாமியார் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்தார். அறைக்குள் நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஏ.சி. அவருக்காகவே காத்திருந்த மாதிரி குளிரைப் பொழிந்தது. அவர் எல்லாச் செபத்தையும் சொன்னார். புத்தகத்தைத் திருப்பி வேறு சில செபங்களையும் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "வேற யாருக்காச்சும் வேண்டணுமாம்மா?" என்று கேட்டார். சகாயராணியின் தங்கச்சிக்கு, தங்கச்சி மகளின் பரீட்சைக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலிக்கு என்று வரிசையாக மன்றாட்டு நடந்தது. மத்தியானம் தாண்டித்தான் எழுந்தார்.

"நல்லாத்தானப்பா ஓடுது?" என்றார் ராயப்பராஜிடம்.

"நீங்க போனதும் நின்னுரும் சாமி."

சாமியார் அவன் தலையில் கை வைத்தார். அது ஆசீர்வாதமா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்ததா என்று அவனுக்கு விளங்கவில்லை. வாசலில் நின்று சகாயராணியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அவருக்கு நல்ல தூக்கம் வேணும்மா. தூக்கம் இல்லைன்னா மனுசனுக்கு இல்லாததெல்லாம் காதுல கேக்கும்."

அவர் தெரு திரும்பும்போது சகாயராணி கொல்லையில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். அவர் மெயின் ரோட்டை அடையும்போது, 'டக்!'

அன்று மில்லில் விபரீதம் நடந்துவிட்டது. ராயப்பராஜ் நின்றபடியே கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினான். இயந்திரங்களுக்கு நடுவே பறந்த பஞ்சுத் தூசியெல்லாம் ஏரிப் பனியாகத் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்தார். ராயப்பராஜ் அவர் கையில் ஒரு நூல் கண்டைக் கொடுத்து, "கயித்தைப் புடிங்க சார், நான் எறங்கிக்கிறேன்" என்றான்.

"நீங்க எறங்கத்தான் போறீங்க ராயப்பராஜ்" என்றார் மேனேஜர். "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் கணக்கு முடிச்சிருவோம்."

கூட வேலை பார்க்கும் முனியப்பன் அவனைக் கை பிடித்துப் பஸ் ஏற்றிவிட்டான். "அண்ணே, மனசுல எதையும் வச்சுக்கிராதீங்க. எங்க பக்கத்துல ஒருத்தருக்கு இப்பிடித்தான் மிக்ஸி பேசுச்சு. மாத்திரையில சரியாப்போச்சு."

*

வெள்ளிக்கிழமை காலை ராயப்பராஜ் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பேகம்பூர் போய் சாகுல் ஹமீதின் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டான். கண் இரண்டும் செங்கல் சூளை.

"பாய், நாளைக்கு எனக்கு வேலை போகுது. ஒண்ணு அந்தக் கம்ப்ரசரைச் சரி பண்ணுங்க. இல்லைன்னா எனக்குக் கிறுக்குன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் போயி மாத்திரை வாங்கிக்கிறேன்."

சாகுல் ஹமீது தாடியைத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"அண்ணே, நான் வந்தா ஓடுது. போனா நிக்குது. சாமியார் வந்தா ஓடுது. போனா நிக்குது. அப்ப அதுக்கு ஆள் வர்றது தெரியுது." குரலைத் தாழ்த்தினார், ஏ.சி.க்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "இன்னைக்கு நான் வர்றதை அக்காட்டக்கூடச் சொல்லாதீங்க. வண்டி வேணாம். நடந்து, கொல்லை வழியா வாரேன். நீங்க எப்பவும்போலப் படுங்க."

ராயப்பராஜ் வீட்டுக்குப் போய்ப் படுத்தான். கொல்லையில் சகாயராணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் சேர்ந்த ஜமுக்காளமும் அன்றைக்குத் துவைத்தாள் போலிருக்கிறது; கல்லில் அடிக்கும் சத்தம் தூரத்துப் படகுத்துறைச் சத்தம் மாதிரி கேட்டது. தப்... தப்... துடுப்பு விழுந்தது. பனி விலகியது. கட்டை தெரிந்தது. கயிற்றை எடுத்தான். ஒரு சுற்று...

'ம்ம்ம்ம்... டக்!'

கூடவே கொல்லையில் ஒரு அலறல்.

"ஏத்தா சகாயராணீ! ஓடியா! ஒன் சேலையை ஒருத்தன் உருவுறான்டீ!"

ஒச்சம்மாளின் குரல். ராயப்பராஜ் கையில் கிடைத்த தலையணையோடு வெளியே பாய்ந்தான். சகாயராணி கரண்டியோடு வந்தாள்.

நடந்தது இதுதான். சாகுல் ஹமீது வேலிச் சந்தில் நுழைந்து, வழக்கம்போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். எப்போதும் காலியாக இருக்கும் வழியில் இன்று ஈர ஜமுக்காளம் தொங்கியது. அதற்குள் தலையை விட்டுவிட்டார். வெளியேற வழி தேடித் திரும்பியவர்மேல் ஒரு சேலையும் இரண்டு பாவாடையும் வந்து சுற்றிக்கொண்டன. இப்போது மண்ணில், பொட்டணம் மாதிரி உருண்டு கிடந்தார். உள்ளேயிருந்து, "அக்கா, நான் எதையும் பாக்கலக்கா! அல்லா சத்தியமா எதையும் பாக்கல!" என்று குரல் வந்தது.

"ஐயோ, பாய் தம்பி!" சகாயராணி கரண்டியைப் போட்டுவிட்டுத் துணியைப் பிரித்தாள்.

மல்லாந்து கிடந்ததால், வாழ்க்கையில் முதல்முறையாக சாகுல் ஹமீது அந்தக் கொல்லையில் மேலே பார்த்தார்.

பார்த்தபடியே கிடந்தார்.

"பாய், அடி பட்டுருச்சா?" என்றான் ராயப்பராஜ்.

அவர் எழுந்தார். சுவரோரம் சாத்தியிருந்த கவைக்கம்பை எடுத்தார். மிச்சத் துணியின் கனத்தில் தொய்ந்து கிடந்த கொடியை அந்தக் கம்பால் மெல்ல மேலே தூக்கினார்.

'கிர்ர்ர்ர்' என்றது கம்ப்ரசர்.

கம்பை இறக்கினார்.

'ம்ம்ம்ம்... டக்!'

தூக்கினார். கிர்ர்ர். இறக்கினார். டக். ஒச்சம்மாளின் ஆடுகூட அசை போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"அண்ணே" என்றார் சாகுல் ஹமீது, காற்றுப்போன குரலில். "இது கொடி இல்லண்ணே. நான் சுருட்டி ஆணியில மாட்டுன ஒயரு."

ஆமாம். ஆணியில் வளையம் இல்லை. வளையத்தைப் பிரித்து இழுத்துக்கொண்டுபோய் எதிரே இருந்த முருங்கை மரத்தில் யாரோ கட்டியிருந்தார்கள். ஈரத்துணி கனக்கக் கனக்க, சுவரில் இருந்த சுவிட்ச் டப்பாவுக்குள் ஒயர் இழுபட்டிருக்கிறது. திருகு லூசாகி உள்ளே கருகிப்போயிருந்தது. துணி காய்கிற நேரமெல்லாம் கம்ப்ரசருக்கு அரைகுறைக் கரண்டு; முக்கி முக்கி நின்றுவிடும். விருந்தாளி வந்தால் சகாயராணி துணியை எடுப்பாள். கனம் குறையும். கம்ப்ரசர் ஓடும்.

"அப்ப எனக்குக் கிறுக்கு இல்ல!" ராயப்பராஜ் தலையணையைக் கட்டிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சகாயம், எனக்குக் கிறுக்கு இல்லடி!"

சகாயராணி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் சாகுல் ஹமீதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி இப்பிடிச் சொல்றீங்க? இதை நீங்கதானே கட்டிக் குடுத்தீங்க?"

"நானா?"

"கல்யாணமான நாள்லருந்து ஒரு கொடி கட்டிக் குடுங்கன்னு இந்த மனுசன்கிட்டக் கேட்டுக் கேட்டு எனக்கு நாக்குத் தேஞ்சுபோச்சு. ஏ.சி. மாட்டுன அன்னைக்குச் சாயந்திரம் வந்து பாக்குறேன், கொடி சும்மா விறைப்பா நிக்குது. இவரு கட்டுவாரா? மிச்ச ஒயருல நீங்கதான் கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கீங்கன்னு நெனச்சேன். கேக்காமலே செஞ்சாரேன்னுதானே ஒவ்வொரு தடவையும் ஒங்களுக்கு மீன் தலை!"

"அக்கா, நான் இந்தக் கொல்லையில பாத்ததே மண்ணைத்தானேக்கா" என்றார் சாகுல் ஹமீது பரிதாபமாக.

ராயப்பராஜுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு மாதத்துத் தூக்கம். ஆடு தின்ற தலையணை உறை. மேனேஜர் கையில் கொடுத்த நூல் கண்டு. அத்தனை மீன் தலைகள். எல்லாம் அவன் கண் முன்னே வரிசையாக வந்து நின்றன. முருங்கை மரத்துக்கு நேராகப் போனான். அங்கே இரண்டு முடிச்சு, மரத்தின் பட்டையில் பதிகிற அளவுக்கு இறுக்கமாகப் போட்டிருந்தது. விரலால் நெம்பிப் பார்த்தான். அசையவில்லை.

"எவன் பாத்த வேலை இது?" என்று கத்தினான். "மின்சார ஒயருல கொடி கட்டுற அந்த மடையன் எவன்னு எனக்கு இப்பவே தெரியணும்! மனுசன் தூக்கத்தைக் கெடுத்து, சோத்துலயும் மண்ணைப் போடப் பாத்த அந்தப் பயலோட கை ரெண்டையும் இதே மரத்துல கட்டிவைக்கல, நான் ராயப்பராஜ் இல்ல!"

வேலியோரம் நின்ற ஒச்சம்மாள் கீரைக்கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். ஓரடி பின்னால் நகர்ந்து, கைக்கு எட்டாத தூரம்தானா என்று பார்த்துக்கொண்டாள்.

"நீதானப்பு கட்டுன. அன்னைக்கு உச்சி வெயில்ல, கண்ணை மூடிக்கிட்டே வந்து ஒயரை இழுத்து அந்த மரத்துல ரெண்டு முடிச்சுப் போட்ட. என்னப்பு பண்றேன்னு கேட்டதுக்கு, 'இறுக்கிக் கட்டலைன்னா படகு போயிரும் ஆத்தா'ன்னுட்டு உள்ள போயிப் படுத்துக்கிட்டயே!"